தனலட்சுமி தொடாத குச்சி

தனம், உன்னைப் பற்றி எழுத எனக்கு அருகதை இல்லை. அது எனக்குத் தெரியும். ஆனால் நான் செய்த வேலையைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதல் வரியிலேயே நீ வந்து நிற்கிறாய். உன் பேரைச் சொல்லாமல் அடுத்த வரிக்குப் போக முடியவில்லை, தனலட்சுமி.

என் பேர் அஞ்சலை. மீஞ்சூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். ஐந்தாவது வரைதான் படித்தேன். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். இதை எழுதி முடிக்க எட்டு நாள் ஆனது. முப்பத்தொரு வயதில் ஒருத்தி ஓய்வு பெற்றுவிட்டேன் என்று சொன்னால் சிரிப்பு வரும். ஆனால் பன்னிரண்டு வருஷம் செய்த வேலைக்கு இனி நான் போகப் போவதில்லை. நான் கிளம்பிய அன்று புதிதாகச் சேர்ந்த உமா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"யக்கா, எந்த எடத்துல எப்டி நிக்கணும், இன்னா செய்யணும்னு எல்லாம் எழுதிக் குடுத்துட்டுப் போக்கா. மேடம்கிட்ட கேக்கவே பயமா இருக்குது."

உமா, இதோ எழுதியிருக்கிறேன். நீ கேட்டதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே இருக்கும்.

எங்கள் ஆபீஸ் மெட்ராஸில் ஒரு மாடியில் இருந்தது. கோயிலுக்குப் போகிறவர்களையும் கடற்கரை பார்க்க வருகிறவர்களையும் நாங்கள் கூட்டிக்கொண்டு போகவில்லை. துணியில் கட்டம் எப்படி விழுகிறது, தேரில் செதுக்கிய பூவுக்கு எத்தனை இதழ், ஓலைப்பெட்டியின் மூலையில் பின்னல் எப்படித் திரும்புகிறது, இதையெல்லாம் பார்த்துக்கொண்டே நிற்கிற ஜனங்கள் இருக்கிறார்கள். வெள்ளைக்காரர்கள், பட்டணத்துப் பெரிய வீட்டு அம்மாக்கள், ஓவியக் கல்லூரிப் பிள்ளைகள். அவர்கள்தான் எங்கள் கூட்டம். ஒரு நாள் திருவள்ளூர் தேரும் பொதட்டூர்பேட்டைத் தறியும். இன்னொரு நாள் பழவேற்காடு.

எனக்கு அந்த வேலை கிடைத்ததே வேடிக்கை. பத்தொன்பது வயதில் மீஞ்சூர் ஸ்டேஷனில் வெள்ளரிப் பிஞ்சு விற்றுக்கொண்டிருந்தேன். ஒரு கூட்டம் ரயிலிலிருந்து இறங்கியது. வெள்ளைச் சேலை கட்டிய ஒரு அம்மா, "பதினோரு பேரும் எறங்கியாச்சா?" என்று கேட்டார்.

"பத்துதாம்மா. தொப்பி போட்ட ஒருத்தரு உள்ளயே தூங்கிக்கினு இருக்காரு" என்றேன்.

ரயில் நகர ஆரம்பித்துவிட்டது. ஓடிப்போய் அவரை இழுத்து இறக்கினோம். அந்த அம்மாதான் கமலா மேடம். "எதுக்கு எண்ணினே?" என்று கேட்டார். எத்தனை பிஞ்சு விற்கும் என்று பார்க்க எண்ணினேன் என்றேன். அடுத்த வாரம் எனக்கு வேலை.

மேடம் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கொண்டையில் ஒரு பென்சில் செருகியிருப்பார். தப்பு நடந்தால் அந்தப் பென்சிலை உருவுவார். ஒரு நீளமான ரிஜிஸ்டரில் ஒரே ஒரு வரி எழுதி, அதை நம் பக்கம் திருப்பி, "வாசிச்சிட்டுக் கையெழுத்துப் போடு" என்பார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை என்று தோன்றும்.

ஒவ்வொரு கூட்டத்துக்கும் இரண்டு பேர் போக வேண்டும் என்பது அவர் வைத்த சட்டம். ஒருத்தி தலை, இன்னொருத்தி வால். தலை முன்னால் நடப்பாள், கூட்டத்தைப் பார்த்தபடியே பின்னோக்கி நடப்பாள். எந்தப் பொருளுக்கு முன்னால் போய் நின்றாலும் உடனே பேசக் கூடாது. மனசுக்குள் நூறு எண்ணிய பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும். "அவங்க கண்ணு பாக்கட்டும். அதுக்குள்ள நீ சொல்லிட்டா உன் வார்த்தையைத்தான் பாப்பாங்க" என்பார் மேடம். வால் கடைசியில் வருவாள். ஒவ்வொரு வாசலிலும் தலை எண்ண வேண்டும். செருப்புகளைத் திருப்பி வைக்க வேண்டும், வெளியே வந்ததும் குனியாமல் காலை விடுகிற மாதிரி. யாரும் எதையும் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தன் நிழல் பொருள் மேல் விழாமல் தள்ளி நிற்க வேண்டும். குடைகளை வேனிலேயே வைத்துவிடச் சொல்ல வேண்டும். கேட்காதவர்களிடம் வாங்கித் தன் கையில் மாட்டிக்கொள்ள வேண்டும்.

தனம்தான் தலை. நான் வால். தனத்தின் அப்பா திருவள்ளூரில் ரயில்வே பார்சல் ஆபீஸில் இருந்தார். அவள் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து டைப்பும் படித்தவள், இங்கிலீஷ் பேசுவாள். எனக்கும் அவளுக்கும் ஒரே வயது. நான் முதல் நாள் அவளை 'வாங்க, போங்க' என்றேன்.

"இன்னாடி வாங்க போங்கன்னுக்கினு? நான் தலை, நீ வாலு. ரெண்டும் ஒரே மாட்டோடதுதான்" என்றாள்.

அவளுடன் இருந்த வருஷங்களில் வேலை வேலையாகவே தெரியவில்லை. பழவேற்காட்டில் வெள்ளைக்காரர்களின் பழைய கல்லறைகள் இருக்கின்றன. கல்லில் கொடியும் கப்பலும் கவசமும் செதுக்கியிருக்கும். வருகிறவர்கள் அதன் மேல் மெல்லிய காகிதத்தை விரித்து, கறுப்பு மெழுகால் தேய்த்து அச்சு எடுப்பார்கள். ஒரு தடவை ஒரு வெள்ளைக்கார அம்மா காலையிலிருந்து மத்தியானம் வரை உட்கார்ந்து ஒரு பெரிய கல்லைத் தேய்த்து முடித்தார். தண்ணீர் குடிக்க எழுந்து போன நேரத்தில் ஒரு ஆடு வந்து பாதிக் காகிதத்தைத் தின்றுவிட்டது. அந்த அம்மா அழவே ஆரம்பித்துவிட்டார். தனம் ஆட்டின் முன்னால் போய் இடுப்பில் கை வைத்துக்கொண்டு இங்கிலீஷில் அதைத் திட்டினாள்.

"ஏண்டி, ஆட்டுக்குப் போயி இங்கிலீசா?" என்று கேட்டேன்.

"கெஸ்டு எதிர்ல தமிழ்ல திட்டினா மரியாதையா இருக்காதுடி."

நான் அதைச் சொல்லச் சொன்னேன், அவளும் அந்த அம்மாவிடம் சொன்னாள். அழுத அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சாயங்காலம் வரை இருந்து மறுபடி அச்சு எடுத்தோம். காகிதத்தின் மூலையை அவள் பிடித்துக்கொண்டாள், ஆட்டை நான் பிடித்துக்கொண்டேன்.

இப்போது பொதட்டூர்பேட்டைக்கு வருகிறேன். உமா, இந்த இடத்தைக் கவனமாகப் படி.

அங்கே விடிந்ததும் தெருவில் பாவு நீட்டுவார்கள். தறியில் ஏற வேண்டிய நூல் முழுவதையும் தெரு நீளத்துக்குக் கட்டி, இடுப்பு உயரத்தில் இழுத்து நிறுத்தி, கஞ்சி பூசிக் காய வைப்பார்கள். வெயில் ஏறுவதற்குள் முடித்தாக வேண்டும். அந்த நூல்களுக்கு நடுவே இடம் விட்டு இடம் மெல்லிய மூங்கில் குச்சிகள் இருக்கும். ஒரு நூல் குச்சிக்கு மேலே போனால் அடுத்த நூல் கீழே போகும். அடுத்த குச்சியில் அது மாறும். ஆயிரக்கணக்கான நூலுக்கும் வரிசை சொல்வது அந்தக் குச்சிதான். அது வெளியே வந்துவிட்டால் எந்த நூலுக்கு அடுத்தது எந்த நூல் என்று தெரியாமல் போய்விடும். அதனால் பாவுக்கு அடியில் யாரும் குனிந்து போகக் கூடாது. அந்தப் பக்கம் போக வேண்டுமென்றால் கோடியில் இருக்கும் கம்பம் வரை நடந்து சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். தலையானாலும் வாலானாலும் இதே சட்டம்தான்.

அன்று தீபாவளிக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது. கூட்டத்தில் பதின்மூன்று பேர். கன்னியப்பன் என்கிற நெசவாளியின் பாவு தெருவில் நின்றது. அவரும் அவர் ஆட்களும் அந்தக் கோடியில் கஞ்சி பூசிக்கொண்டிருந்தார்கள். தனம் நூறு எண்ணி முடித்துப் பேச ஆரம்பித்தாள். நான் தலை எண்ணினேன். பன்னிரண்டு. மறுபடி எண்ணினேன். பன்னிரண்டுதான். கேமரா வைத்திருந்த உயரமான ஒருவர் எப்போதோ கம்பத்தைச் சுற்றிப் போய், அந்தப் பக்கத்து வாசலில் தொங்கிய சாய நூலைப் படம் எடுத்துக்கொண்டு, நடையில் கால் வைத்து உள்ளே போகப் பார்த்தார். அது சமையல் நடக்கிற வீடு. உள்ளே பெண்கள் இருந்தார்கள்.

எனக்குப் பதற்றம். கம்பம் தூரத்தில் இருந்தது. குனிந்துவிட்டேன்.

என் கையில் மாட்டியிருந்த குடையின் வளைந்த பிடி ஒரு குச்சியின் முனையில் மாட்டியது. முனையில் கட்டியிருந்த கயிறு அவிழ்ந்தது. நான் அந்தப் பக்கம் நிமிர்ந்தபோது குச்சியும் என்னோடு வந்துவிட்டது.

கத்தியிருக்க வேண்டும். அந்த நிமிஷமே கூப்பிட்டிருந்தால் கன்னியப்பன் ஓடி வந்து, பக்கத்துக் குச்சியை வைத்துச் சரி செய்திருப்பார். அது எனக்குத் தெரியும். எத்தனையோ தடவை தனம் கூட்டத்துக்குச் சொன்னதைக் கேட்டிருக்கிறேன். ஆனால் நான் சுற்றிப் பார்த்தேன். கூட்டம் முழுவதும் எனக்கு முதுகைக் காட்டித் தனத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தேன். நூல்களுக்கு நடுவே எங்கே சந்து தெரிந்ததோ அங்கே குச்சியைச் செருகிக் கயிற்றைக் கட்டிவிட்டு, கேமராக்காரரைக் கூட்டிக்கொண்டு கம்பத்தைச் சுற்றி வந்தேன்.

தலை எப்போதும் பின்னோக்கி நடப்பாள். அவள் கண்ணுக்கு வால் தெரியும். இதைப் போய் மறந்திருக்கிறேன்.

தனம் பேச்சை நிறுத்தினாள். ஒரு மூச்சு நேரம். பிறகு விட்ட இடத்திலிருந்து பேசினாள். வேனில் ஏறியதும் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"எண்ணிட்டியா?"

"பதிமூணு."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் சொல்வேன் என்று திருவள்ளூர் வரை காத்திருந்தாள் என்று இப்போது நினைக்கிறேன். நான் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்துக் கன்னியப்பன் ஆபீஸ் மாடி ஏறி வந்தார். துண்டில் ஒரு பிடி நூல் கட்டிக்கொண்டு வந்திருந்தார். சிக்கலும் அறுந்த முனைகளுமாக இருந்தது. அதை மேடம் மேஜையில் வைத்தார்.

"ஏம்மா, நாங்க உங்கள இன்னா பண்ணோம்? குச்சிய உருவிட்டு எவளோ இஷ்டத்துக்குச் சொருவி வச்சிருக்கா. நவுத்துனா பட்டு பட்டுன்னு அறுவுது. தீபாவளிக்கிக் குடுக்க வேண்டிய பாவும்மா இது. நூலு குடுத்த மொதலாளிக்கி நான் இன்னா பதிலு சொல்றது? இனிமே எங்க தெருவுக்கு வராதீங்க. அவ்ளோதான்."

அவர் போன பிறகு மேடம் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். பென்சிலை உருவினார்.

"யாரு?"

நான் வாயைத் திறப்பதற்குள் தனம் சொன்னாள்.

"நான்தான் மேடம். காட்டலாம்னு குச்சியக் கொஞ்சம் வெளிய இழுத்தேன். வந்துடுச்சி."

மேடம் ரிஜிஸ்டரைத் திறந்தார். எழுதினார். திருப்பினார். தனம் ஒரு நொடியில் படித்துக் கையெழுத்துப் போட்டாள். பிறகு ரிஜிஸ்டர் என் பக்கம் திரும்பியது, கூட இருந்தவள் என்று நானும் போட வேண்டும். எழுத்துக் கூட்டினேன். 'தனலட்சுமி குச்சியை வெளியே இழுத்ததால் பாவு கெட்டது.' எனக்குப் படிக்க நேரமாகும். அவ்வளவு நேரமும் நிஜத்தைச் சொல்ல நேரம் இருந்தது. படித்து முடித்தேன். கையெழுத்துப் போட்டேன்.

தனத்துக்கு அன்றோடு வேலை போனது. படி இறங்கும்போது அழுதேன். அவள் என் தோளில் ஒரு குத்து விட்டாள்.

"இன்னாத்துக்குடி அழுவுற? எனக்கு டைப் தெரியும். நாளைக்கே எங்கனா ஒரு நாற்காலி கெடைக்கும். உனுக்கு இன்னா தெரியும்? எண்ணத் தெரியும். வெள்ளரிப் பிஞ்சு விக்கப் போறியா திரும்பி?"

அவள் சொன்னது உண்மைதான். அந்த உண்மைக்காக அவள் மேல் எனக்குக் கோபம்கூட வந்தது. வெட்கத்தில் ஒன்றரை மாசம் அவளைப் போய்ப் பார்க்கவில்லை.

தீபாவளி கழிந்து கொஞ்ச நாளில் பொதட்டூர்பேட்டைத் தெரு மறுபடி எங்களுக்குத் திறந்தது. மேடம்தான் போய்ப் பேசிச் சரிக்கட்டினார் என்று ஆபீஸில் எல்லோரும் நினைத்தோம்.

அதற்கப்புறம் எனக்குப் பல தலைகள் வந்தார்கள். நல்ல பெண்கள்தான். கல்யாணம் ஆனதும் போய்விடுவார்கள். தனத்தின் டிபன் டப்பாவில் கை விட்டுச் சாப்பிட்ட மாதிரி வேறு யாருடைய டப்பாவிலும் நான் கை வைத்ததில்லை. கூட்டத்தை இறக்கிவிட்டு வேன் ஷெட்டுக்குத் திரும்பும்போது பின் சீட்டில் நான் மட்டும் இருப்பேன். டிரைவர் வழக்கமாக, "எல்லாரும் எறங்கிட்டாங்களாம்மா?" என்று கேட்பார். "எறங்கிட்டாங்க" என்பேன். அதோடு அன்றைய பேச்சு முடிந்தது.

ஆனால் ஒரு காரியம் நடந்துகொண்டே இருந்தது. புதிதாகச் சேருகிற ஒவ்வொரு பெண்ணையும் மேடம் அந்தத் தெருவுக்குக் கூட்டிப் போவார். பாவுக்குப் பக்கத்தில் நிறுத்தி, "தனலட்சுமின்னு ஒருத்தி இருந்தா. கெட்டிக்காரி. இங்க வச்சுதான் கெடுத்தா" என்று ஆரம்பிப்பார். பெண்களுக்கு அது விளையாட்டாகிவிட்டது. எது கைதவறினாலும், "தோ, தனலட்சுமி வேலை பண்ணிட்டா பாரு" என்று ஒருத்தியை ஒருத்தி கிண்டல் செய்வார்கள். நான் வால். கடைசியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பேன்.

தனத்துக்குக் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது. அங்கேயே அண்ணன் வீட்டில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமையில் ரயிலேறிப் போவேன். ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து பேசுவோம். எங்கள் ஆபீஸிலிருந்து நின்ற ஒரு பெண் போய் அவள் கம்பெனியில் சேர்ந்தாள். அவள் மூலமாக விஷயம் போய்விட்டது.

"ஏண்டி, என் பேரு உங்க பாடத்துல கீதாமே?" என்று சிரித்தாள் தனம். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டாள். "அஞ்சல, நீ ஒண்ணும் ஒத்துக்க வாணாம். என் பேர மட்டும் எடுக்கச் சொல்லுடி. ஒரு பொண்ணுன்னு சொல்லட்டும், போதும். எங்கண்ணன் பொண்ணு வளந்துக்கினு வரா. நாளைக்கி அவ காதுல உழுந்தா பேஜாரு."

"சொல்றேன்" என்றேன்.

அடுத்த முறை கேட்டாள். சொல்றேன் என்றேன். மூன்றாவது முறை அவள் கேட்கவில்லை. மழை வருமா, ரயில் எத்தனை மணிக்கு என்று பேசினாள். நானும் மழையைப் பற்றிப் பேசிவிட்டு வந்தேன்.

போன ஆடியில் அவளுக்கு மஞ்சள் காமாலை. பத்து நாள். எனக்குச் சேதி வந்து நான் போய்ச் சேர்ந்தபோது, எல்லாம் முடிந்து வீட்டைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் அண்ணி வாசலில் நின்றிருந்தவள், "நீதான் அஞ்சலயா? உன்னப் பத்தி சொல்லும்மா அது" என்று ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தாள். குடிக்க முடியவில்லை.

மறுநாள் ஆபீஸுக்குப் போய் மேடம் முன்னால் நின்றேன். பழைய ரிஜிஸ்டரை எடுக்கச் சொன்னேன். இரும்பு அலமாரியில் தேடி எடுத்து, அந்தப் பக்கத்தைக் கண்டுபிடித்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "சொல்லு" என்றார். சொன்னேன். குடை, குச்சி, செருகியது, கட்டியது, எல்லாம்.

மேடம் பென்சிலை உருவினார். எழுதி, தானே கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் என் பக்கம் திருப்பினார். நான் எழுத்துக் கூட்டிப் படித்து முடிக்கும் வரை அசையாமல் உட்கார்ந்திருந்தார். 'குச்சியை இழுத்தவள் அஞ்சலை. விசாரிக்காமல் தனலட்சுமி பேரை எழுதியது என் தப்பு.' கையெழுத்துப் போட்டேன்.

"நான் நின்னுக்கறேன் மேடம்" என்றேன்.

"உன் இஷ்டம். ஆனா அந்தத் தெருவுக்குப் போயி சொல்லிட்டு நில்லு. தெரு மறுபடி திறந்துச்சே, அதுக்கு நான் அவங்ககிட்ட ஒரு வார்த்தை பேசினதில்ல. மன்னிப்புக் கேட்டு ஒரு லெட்டர் போட்டேன், பதில் இல்ல. அப்புறம் அவங்களாதான் வரச் சொல்லி ஆள் அனுப்பினாங்க. ஏன்னு எனக்கு இன்னிக்கி வரைக்கும் தெரியாது."

தனியாகப் பஸ் ஏறிப் பொதட்டூர்பேட்டைக்குப் போனேன். கன்னியப்பன் தறியில் இருந்தார். அவர் சம்சாரம் சரோஜாம்மா இராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தார். நின்றபடியே சொல்லிவிட்டேன். அன்றைக்குக் குச்சியை இழுத்தது தனலட்சுமி இல்லை, நான்தான் என்று. அவள் செத்துப்போனாள் என்றும் சொன்னேன்.

தறி நின்றது. இராட்டையும் நின்றது.

"எந்தப் பொண்ணு? உயரமா, செவப்பா, பட்டணத்துப் பேச்சு பேசுமே, அதுவா?" என்றார் சரோஜாம்மா. "அடப் பாவமே! அது இங்க ஏழு நாளு வந்துச்சேம்மா."

"எப்பம்மா?" என்றேன்.

"பாவு கெட்டுப் பூட்டுதே, அதுக்கப்புறம். காலீல மொத பஸ்ஸுல வரும், கடைசி பஸ்ஸுல போவும். மொத நாளு வெளக்கமாத்த எடுத்துக்கினு நான்தான் வெரட்டுனேன். போவலியே. 'தப்பு எங்களுது, கையாவது குடுக்கறோம்'னுக்கினு தெருவுலயே குந்திச்சு. அப்புறம் இவருதான் அறுந்த முனைய எப்டி முடியணும்னு காட்டிக் குடுத்தாரு. ஒண்ணொண்ணா முடிஞ்சுது. வெரலு நுனியெல்லாம் கஞ்சி காஞ்சி வெடிச்சிப் பூட்டுது. ஒரு வாய் சோறு துன்னுன்னா, டப்பாவுல கீதுன்னும்."

கன்னியப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தீபாவளிக்கி பாவு ஏறிப்போச்சும்மா. போவ சொல்லோ நான் கேட்டேன், உனுக்கு இன்னா வேணும் கண்ணுன்னு. எனக்கு வேல போயிடுச்சி நைனா, எனக்கு ஒண்ணும் வாணாம், பின்னால அஞ்சலன்னு ஒருத்தி வருவா, அவ வர்ற வண்டிய மட்டும் உட்டுடுங்கன்னுச்சு. அதுக்காவத்தான் ஆளு அனுப்புனோம். உன்ன வந்து பாத்துச்சில்ல? சொல்லலியா?"

நான் அவளைப் போய்ப் பார்க்காமல் இருந்த ஒன்றரை மாசத்தில் நடந்தது இது. அதற்கப்புறம் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் விரலை ஒரு தடவை கூட உற்றுப் பார்த்ததில்லை. நான் சாப்பிட்ட பன்னிரண்டு வருஷச் சோற்றில் பாதிக்கு மேல் அவள் முடிச்சுப் போட்ட நூலில் வந்தது.

உமா, இதுதான் நான் எழுதித் தர வேண்டியது. புதுப் பெண்களைக் கூட்டிக்கொண்டு அந்தத் தெருவில் நீ நிற்கும்போது, குச்சியை இழுத்தவள் அஞ்சலை என்று சொல். மறைத்து வைத்ததும் அஞ்சலைதான் என்று சொல். பிறகு நூறு எண்ணு. அதற்கப்புறம், ஏழு நாள் அங்கே உட்கார்ந்து நூல் முடிந்தவள் பேரைச் சொல்.

இதைப் படிக்கிறவர்கள் எல்லோருக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் கோயிலுக்குப் போகிறவர்களாக இருக்கலாம், தர்காவுக்கோ மாதா கோயிலுக்கோ போகிறவர்களாக இருக்கலாம். நான் கேட்டால் சாமி காது கொடுக்குமா என்று தெரியவில்லை, அதனால் உங்களைக் கேட்கிறேன். திருவள்ளூர் பார்சல் ஆபீஸ் ரங்கசாமியின் மகள் தனலட்சுமிக்காக, அவள் போன இடத்தில் யாரும் அவள் மேல் ஒரு பழியும் சொல்லாமல் இருக்க, எல்லோரும் ஒரு முறை வேண்டிக்கொள்ளுங்கள்.